நிமிராத கம்பி

காஞ்சிபுரத்தில் கோபுரங்களுக்கு அடுத்தபடியாக யாருக்கும் வளைந்துகொடுக்காதவர் எங்கள் கம்பி சார்தான். எழுபதுகளில் நான் தமிழ் நடத்திய கல்லூரியில் அவர் கணக்கு நடத்தினார். அவருடைய சொந்தப் பெயர் வீட்டிலிருந்தவர்களுக்கே மறந்திருக்கும்.

அமெரிக்காவிலிருந்து நண்பர் ஒருவர் அவருக்குச் சின்னச் சுருளாக ஒரு கம்பி அனுப்பியிருந்தார். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். எப்படி வளைத்தாலும் சுடுதண்ணீரில் போட்டால் பழையபடி நேராகிவிடும். நாங்களெல்லாம் வாயைப் பிளந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். அவர் மட்டும், எவ்வளவு வளைத்தால், எந்தச் சூட்டில், எவ்வளவு நிமிரும் என்று சமன்பாடு எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. கருட சேவைக்கு ஊரே தெருவில் நின்றபோதும், ஆய்வுக்கூடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

எங்கே எது கொதித்தாலும் கம்பியோடு போய் நிற்பார். டீக்கடை பாய்லர், கல்யாண வீட்டு ரசம், எதையும் விட்டதில்லை. ஒருமுறை சாயப்பட்டறைக் கொப்பரைக்குள் விட்டார். அது உள்ளே நிமிர்ந்து பட்டு நூலில் மாட்டிக்கொண்டது. சாயக்காரர் கையிலிருந்த கோலோடு தெருமுனை வரை துரத்தினார்.

ஓடிக்கொண்டே கம்பி சார் கேட்டார்: "கோச்சுக்காதப்பா, தண்ணி இன்னா சூடு இருந்துச்சு? அத மட்டும் சொல்லிடு."

கல்லூரித் தாளாளர் பட்டு ஜவுளிக்கடை முதலாளி. உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்க கம்பி சாரின் அந்தச் சின்ன அறையைக் கேட்டார். முதல்வர் நடுவில் புகுந்து, ஆண்டு விழா மேடையில் கம்பி நேரானால் அறை கணக்கு வாத்தியாருக்கே என்று பேசி முடித்தார்.

அங்கேதான் வினை. திரும்பத் திரும்ப வளைத்த கம்பி முழுசாக நிமிராது, கொஞ்சம் வளைவு தங்கிவிடும் என்பதுதான் அவருடைய சமன்பாடு. எவ்வளவு தங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லத்தான் அவர் தலைமுடியெல்லாம் போயிருந்தது. அவரிடம் வளைக்காத புதுத் துண்டு ஒன்றும் இருந்தது. அதைக் கொண்டுபோனால் அறை தப்பிக்கும் என்று கெஞ்சினேன்.

"புதுசு நிமிரும்னு எல்லாருக்கும் தெரியும் தமிழ் சார். நான் எழுதுனது பழசப் பத்தி. ஒரு ரூமுக்காக அத ஒளிச்சு வைக்கணுமா?"

மேடையில், கம்பி எந்த வளைவில் நிற்கும் என்பதை முதலிலேயே கரும்பலகையில் வரைந்துவிட்டார். பிறகு பழைய கம்பியைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டார். முக்கால்வாசி நிமிர்ந்து, அதற்குமேல் மாட்டேன் என்று நின்றுவிட்டது. மாணவர்கள் ஊளையிட்டார்கள். அவர் அதை இடுக்கியால் எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். மயிரிழைகூட விலகவில்லை. மனிதர் மேடையிலேயே குதித்தார்.

"நேராவலியே வாத்தியாரே" என்றார் தாளாளர்.

"ஆவாதுன்னுதானே சொல்லிக்கினு இருந்தேன்? ஆயிருந்தா நான் தோத்திருப்பேன்."

அறை போயிற்று. மறுநாளே உடைந்த பெஞ்சுகள் குடிவந்தன. கம்பி சார் டீக்கடையில் ஊரையே கூட்டி உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, கடைச் சுவரில் கரித்துண்டால் சமன்பாட்டைத் தொடர்ந்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெருமையும் அப்படித்தான்.

ஓய்வுபெற்றுப் போகும்போது அந்தப் பழைய கம்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்றும் காலையில் அதை வளைத்துக் காபியில் முக்குகிறேன். மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். கம்பி அதே வளைவில்தான் நிற்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நாளும், முழுசாக நிமிர்ந்து தொலைத்துவிடுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவர் தோற்றுவிடக் கூடாது, பாருங்கள்.