ஆடாதே அண்ணாச்சி

பம்பாய் மாநகரத்தையே நாலு மணி நேரம் அசையாமல் நிற்கச் சொல்லும் தைரியம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. சம்பளப் பட்டியலில் ஏதோ ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘ஆடாதே அண்ணாச்சி’.

அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். நான் மாட்டுங்காவிலிருந்து தினமும் போய்வரும் தற்காலிக உதவியாளன். அண்ணாச்சி தாராவிவாசி, திருநெல்வேலிக்காரர், எங்கள் மெக்கானிக். எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவரான டாக்டருக்கு ஓர் ஆசை வந்தது. பூவின் நடுவே இருக்கும் மெல்லிய முடியில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதை மைக்ராஸ்கோப் வழியாகச் சினிமா எடுக்க வேண்டும். அதற்கு நாலு மணி நேரம் ஆகும். அரை நிமிஷத்துக்கு ஒரு படம் என்று எடுத்துச் சேர்த்து ஓட்டினால், திரையில் மொத்தக் கதையும் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆசைப்பட்டவர் டாக்டர். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள் இருவரும்.

குர்லா பட்டறையில் செய்து வாங்கிய இரும்புக் கம்பத்திலிருந்து பழைய சினிமாக் காமிரா மைக்ராஸ்கோப்பின் தலைமேல் தொங்கியது. ஒரு குட்டி மோட்டார் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் பொத்தானை அமுக்கும். விளக்குச் சூட்டில் செல் வெந்துவிடாமலிருக்க நடுவில் தண்ணீர்க் குப்பி. எல்லாம் ஒரு கடப்பைக்கல்லின் மேல். கல் லாரி ட்யூபின் மேல். ட்யூபுக்குள் அண்ணாச்சி சைக்கிள் பம்பால் பார்த்துப் பார்த்து அடித்த காற்று. பூமி ஆடினாலும் படம் ஆடக் கூடாது என்பது அவர் கட்சி.

காமிரா ஓடும்போது மின்விசிறி கிடையாது. செருப்பு வெளியே. பக்கத்து அறை டைப்பிஸ்டிடம் போய், “யம்மா, கொஞ்சம் பைய தட்டுங்க. அங்கன ஒரு உசுரு ரெண்டாவுது” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மாள் பயந்துபோய் அன்று முழுக்க ஒரே ஒரு கடிதம்தான் அடித்தாள். டாக்டரையே ஒருநாள் வாசலில் நிறுத்தி, “சார், பூட்ஸக் கழத்திட்டு வாங்க” என்றார். டாக்டர் கழற்றினார். காலுறையில் இரண்டு விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. அதன் பிறகு டாக்டர் அந்த அறைக்குள் வருவதையே குறைத்துக்கொண்டார்.

என் மூச்சுக்கும் அவரிடம் தடை இருந்தது. “தம்பி, இம்புட்டு வேகமா மூச்சு விடுதியளே, மைக்ராஸ்கோப்புக்குக் காய்ச்சல் வந்துராது?” என்பார்.

முதல் தடவை எடுத்த படம் என்னால் கெட்டது. செல்லை மூடிய கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் வாஸ்லின் சரியாகத் தடவவில்லை. தண்ணீர் காய்ந்து செல் செத்துவிட்டது. திரையில் அரை நிமிஷம் ஒரு பிணம் கிடந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் முகமெல்லாம் பூரிப்பு. “ஆட்டமே இல்ல, பாத்தியளா சார்!”

டாக்டர் என்னைப் பார்த்தார். “இன்னொரு தரம் உன்னால கெட்டுதுன்னா, வேலை பெர்மனென்ட் ஆறதை மறந்துடு.” என் அம்மாவோ மாட்டுங்காவில் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஏற்கெனவே என்னைப் பெர்மனென்ட் ஆக்கியிருந்தாள்.

இரண்டாம் தடவை. காலை பத்து மணிக்கு மோட்டாரைத் தட்டிவிட்டு, அண்ணாச்சி கதவில் சாக்பீஸால் ‘10’ என்று எழுதினார். ‘டிக்’கென்று காமிரா சத்தம் கேட்கும்போதெல்லாம் என் நெஞ்சும் ஒருமுறை அடித்தது. பன்னிரண்டு மணிக்கு ஸ்டாஃப் பஸ் வந்து கேட்டருகே உறுமிக்கொண்டு நிற்பது வழக்கம். அண்ணாச்சி என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு ஓடிப்போய், பஸ்ஸின் எதிரே இரண்டு கையையும் விரித்து நின்றார். “அரே பாய், இஞ்சின் பந்த் கரோ!” என்று இஞ்சினை நிறுத்தச் சொன்னார். பஸ் நிறையச் சிரிப்பு.

அறைக்குள் நான் தனியாக இருந்தேன். செல் இன்னும் உயிரோடு இருக்கிறதா? மறுபடி செத்திருந்தால்? எட்டிப் பார்க்கவென்று மைக்ராஸ்கோப்பின் பக்கவாட்டில் ஒரு குழல் இருந்தது. படம் ஓடும்போது அதன் அருகே போகவே கூடாது என்பது அண்ணாச்சியின் முதல் சட்டம். ஒரே ஒரு நொடி என்று குனிந்தேன். என் மூக்குக்கண்ணாடி குழலில் ‘டங்’கென்று இடித்தது. அதே கணம் காமிரா ‘டிக்’ என்றது.

அண்ணாச்சி திரும்பி வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஃபிலிம் கழுவி வர ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் தூக்கத்தில்கூட எனக்கு ‘டங்’ கேட்டது.

திரையில் செல் அழகாக நீண்டது. நடுவில் சட்டென்று படம் எகிறியது. பிறகு நிதானமாக இரண்டானது. டாக்டர் மறுபடி ஓட்டச் சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதினைந்தாவது செகண்ட். செகண்டுக்குப் பதினாறு படம். அப்போ ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரத்துல இடிச்சிருக்கு. கதவுல பத்துன்னு எழுதியிருந்ததே? பன்னிரண்டுக்கு யார் உள்ளே?”

என்னைத் தவிர யார்? பன்னிரண்டுக்கு அண்ணாச்சி பஸ்ஸுக்கு முன்னால் நின்றதை ஒரு பஸ் கூட்டமே பார்த்திருக்கிறது.

அண்ணாச்சி எழுந்தார். “பத்துன்னு எளுதினது நெசம் சார். ஆனா மோட்டார் பெல்ட் நழுவிட்டு. படம் ஓட ஆரம்பிச்சது பத்தரைக்கு. பன்னெண்டரைக்கு நாந்தான் உள்ள நின்னேன். எம் முழங்கை பட்டுட்டு.”

ஒரு நொடி பிசகினாலே குதிக்கும் மனிதர், கூசாமல் அரை மணி நேரத்தைத் தள்ளிப் பொய் சொன்னார்.

“ஊரையெல்லாம் ஆடாதேன்னுட்டு நீயே ஆடினியா?” என்று டாக்டர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எகிறிய படங்களை வெட்டி ஒட்டச் சொன்னார். அந்த மாதமே எனக்குப் பெர்மனென்ட் கடிதம் வந்தது. அம்மாவின் வாக்கு பலித்தது.

அண்ணாச்சிக்குத்தான் போதாத காலம். மறுமுறை பஸ்ஸை மறித்தபோது டிரைவர் தலையை நீட்டி, “பெஹ்லே தூ மத் ஹில்!” என்றான். முதலில் நீ ஆடாதே என்று அர்த்தம். பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார். அந்த பஸ்ஸில் நானும் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஒரே ஒருமுறை, குழலைத் துடைத்துக்கொண்டே, “இனிமே பாக்குதியள்னா கண்ணாடியக் கழத்திட்டுப் பாருங்க, தம்பி” என்றார்.

அந்த பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணாச்சி ஆடவே இல்லை. இடித்தவன் நான்தான்.