செலக்‌ஷன் அண்ணனின் அசையாத அரண்மனை

உலகத்திலேயே அதிகமான நாடகங்களில் நடிக்காத நடிகர் யார் என்று யாராவது கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் சொல்வேன்: ஆரணியில் எங்கள் தெருவில் பட்டு நெய்துகொண்டிருந்த செலக்‌ஷன் அண்ணன். புராண நாடகம், சரித்திர நாடகம், சமூக நாடகம் என்று எங்கள் சபா போட்ட அத்தனை நாடகத்திலும் அவர் நடிக்கவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர வேறெதையும் விட்டுவைக்கவில்லை.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. சர்க்கார் குமாஸ்தாவாக ஆரணிக்கு மாற்றலாகி வந்து, அந்தத் தெருவில் ஓர் அறையில் குடியிருந்தேன். தெருவுக்கென்று ஒரு சங்கீத நாடக சபா உண்டு. வருஷா வருஷம் ஆடித் திருவிழாவுக்குப் பாட்டும் வசனமுமாக ஒரு நாடகம் போடுவார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக என்னைச் செகரட்டரி ஆக்கிவிட்டார்கள். நாடகத்துக்கு ஆள் எடுக்கும் செலக்‌ஷன் சித்திரையில் பஜனை மடத்தில் நடக்கும். தேர்வு செய்ய மூன்று பேர். தலைவர் ரைஸ்மில் முதலாளி. அவருக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் மேடைக்கு மரம் கொடுப்பவர் அவர்தான். அடுத்து, தேவிகாபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஆர்மோனிய மாஸ்டர்; அவருக்குச் சங்கீதத்தைத் தவிர எதுவுமே தெரியாது. மூன்றாவது நான். எனக்கு இரண்டுமே தெரியாது.

நான் உட்கார்ந்த முதல் செலக்‌ஷனில், கதவைத் திறந்தவுடன் வாசலில் ஒரு முனிவர் நின்றுகொண்டிருந்தார். நாடகத்தில் முனிவர் பாத்திரம் உண்டு என்று தை மாதமே காதில் விழுந்து, அன்றைக்கே தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டாராம். ஒட்டுத்தாடி இல்லை, சொந்தத் தாடி. எனக்குப் புல்லரித்துவிட்டது. இவர்தான் முனிவர் என்று காதோடு சொன்னேன்.

"அவசரப்படாதீங்க" என்றார் மாஸ்டர். "பாட வுட்டுப் பாருங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். அதிலிருந்து வந்ததை இந்தப் பத்திரிகையில் எழுதிக் காட்ட எழுத்து இல்லை. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், தாடி ஒரு பக்கம். வெளியே நின்ற வண்டி மாடுகள் எல்லாம் சந்தவாசல் ரோட்டுப் பக்கம் திரும்பி ஓடிவிட்டன என்று ரைஸ்மில் முதலாளி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பார்த்தது ஒரே ஒரு மாடுதான்.

அடுத்த வருஷம் ராணி வேஷத்துக்கு வந்தார், மீசையை எடுத்துவிட்டு. வீட்டுக்குப் போனபோது யாரோ அன்னிய ஆம்பளை உள்ளே நுழைகிறான் என்று அண்ணி கதவைச் சாத்திவிட்டாராம். அதற்கடுத்த வருஷம், பாட்டே இல்லாத பாத்திரமாகப் பார்த்துக் குதிரைக்கு வந்தார். ராஜா ஏறி வருகிறவரை குதிரை சும்மா நின்றால் போதும். அண்ணனுக்கு அதுவும் முடியவில்லை. நின்றால் வலது கால் ஒரு தரம் அழுத்தும், இடது கால் ஒரு தரம் அழுத்தும், கை தானாகக் காற்றில் ஒரு கயிற்றை இழுக்கும்.

"யோவ், குதிரை ஏன்யா கயிறு இழுக்குது?" என்று கத்தி ஆர்மோனியத்தை மூடினார் மாஸ்டர்.

ஒவ்வொரு தடவையும் அண்ணன் முகம் ஒரு நிமிஷம் வாடும். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அட்த்த வருசம் பாத்துக்கலாம் சார், வாங்க டீ சாப்புடலாம்" என்பார். தேறியவர்கள் எல்லாம் தலைக்கனத்தோடு வீட்டுக்குப் போக, தேறாதவர் எங்களுக்கு டீ வாங்கித் தருவார். டீக்கடையில் எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

நான்காவது வருஷம், செலக்‌ஷனுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணி என் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், எங்கூட்டுக்காரரு நல்லா பாடுவாரு. மெய்யாலுமே சொல்றேன்."

தெருவின் மறு கோடியில் குடியிருந்து பகலெல்லாம் ஆபீசில் கிடக்கும் நான் அப்படி எதையும் கேட்டதில்லை. மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தேன்.

"சிரிக்காதீங்க சார். தறியில குந்திகினா காலையிலருந்து பாடிகினே இருப்பாரு. பக்கத்து வூட்டுக்காரங்க ரேடியோவ நிறுத்திட்டுக் கேப்பாங்க. வெளிய வந்தா என்னமோ ஆயிடுது மனுசனுக்கு. இந்த வருசமும் எடுக்கலன்னா இனிமே வாயே தெறக்க மாட்டேன், தறியிலகூட பாட மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டாரு. பண்ணா பண்ணதுதான் சார், பீடிய அப்படித்தான் வுட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பாட்டு இல்லாத வூட்ல நான் எப்புடி சார் குந்திகினு நூல் சுத்துவேன்? ஒரு தடவ எங்கூட்டாண்ட வந்து கேளுங்க."

போனோம், மூன்று பேரும். மாஸ்டர் வழியெல்லாம் தேவிகாபுரம் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊர்த் தறிகள் குழித்தறிகள். தரையில் வெட்டிய பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மிதித்தால் மேலே நூல் வரிசை ஏறி இறங்கும். கை கயிற்றை இழுத்தால் குறுக்கே நூல் ஓடும். அண்ணன் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். எங்களைப் பார்க்கவில்லை. மிதித்தார். பாடினார்.

நான் சங்கீதம் தெரியாதவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் நான் ஏன் தறி ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன் என்று இன்றுவரை புரியவில்லை. ரைஸ்மில் முதலாளி செருப்பை வாசலில் விட மறந்தவர், பாதிப் பாட்டில் எழுந்துபோய் விட்டுவிட்டு வந்தார். மாஸ்டர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இது... இது போன வருசத்துக் குதிரைதான?" என்றார் கடைசியில்.

பிறகு மாஸ்டருக்கு ஆராய்ச்சி வெறி பிடித்துவிட்டது. அண்ணனை ஒரு காலை மட்டும் மேலே எடுத்துவிட்டுப் பாடச் சொன்னார். பாட்டு நொண்டியது. இரண்டு காலையும் எடுக்கச் சொன்னார். மாடுகள் ஓடும் குரல் வந்தது. திரும்ப இறக்கினார், தேன். ஏற்றினார், மாடு. இறக்கினார், தேன். கிணற்று வாளி மாதிரி அந்த மனிதரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

"குரல்ல ஒரு கோளாறும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். "பாட்டு இவருக்குக் கால்ல கீது."

"அப்ப ராஜா வேஷம் குடுங்க" என்றார் ரைஸ்மில் முதலாளி. "ராஜாதான நாடகம் முச்சூடும் குந்திகினே இருக்கறவன். சிம்மாசனத்துக்கு அடியில ரெண்டு மிதிகட்டைய வெச்சிட்டா தீந்துது பேஜார்."

அண்ணன் பள்ளத்தை விட்டு ஏறவே இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அண்ணிதான் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

சிம்மாசனம் செய்யும் வேலை தறி ஆசாரிக்குப் போனது. வாழ்நாள் முழுக்கத் தறியைத் தவிர வேறெதுவும் செய்யாத ஆள். மேடைப் பலகையில் ஓட்டை போட்டு, சிம்மாசனத்துக்கு அடியில் ஜோராக இரண்டு மிதிகட்டைகளைப் பொருத்திவிட்டார். ஒத்திகையில் அண்ணன் உட்கார்ந்து மிதித்தார். பாட்டு வரவில்லை.

"பாரம் இல்ல ஆசாரி, மிதி தொளதொளன்னு கீது. தறி மாரியே இல்ல."

"எனக்குத் தெரியாதா? மிதிச்சா எதனா மேல ஏறணும். ஏறலன்னா அது இன்னா மிதி? நாடகத்தன்னிக்கு நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றார் ஆசாரி.

நாடகத்தன்று சாயங்காலம், முன்திரை மூடியிருக்கும்போதே அண்ணன் கிரீடத்தோடு உட்கார்ந்து லேசாக ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். "இப்ப சரியா கீது!" என்று முகமெல்லாம் பல்லானார். நாங்களும் மகிழ்ந்தோம். ஆசாரி பாரத்துக்கு எதைக் கட்டினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனுக்குப் பின்னால், அரண்மனை வரைந்த பெரிய படுதா தொங்கியது. அடியில் மூங்கில் செருகி, நல்ல கனம். அதன் இடது கோடியை இடது மிதியோடும், வலது கோடியை வலது மிதியோடும் மேல் விட்டத்தின் வழியாகக் கயிறு போட்டு இணைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். மிதித்தால் எதனா ஏற வேண்டுமே!

முன்திரை விலகியது. தெருவே திரண்டு உட்கார்ந்திருந்தது. நான் பக்கவாட்டில் வசனப் புத்தகத்தோடு நின்றேன். மாஸ்டர் சுருதி கொடுத்தார். அண்ணன் பாடினார்.

"அசையாத அரண்மனையில் அரசாளும் மன்னன் நான்..."

குரல் மைக்கில் ஏறித் தெருக்கோடி வரைக்கும் போனது. கூட்டம் மூச்சுவிடவில்லை. அண்ணன் உற்சாகமாக இடது காலை நன்றாக அழுத்தினார். அரண்மனையின் இடது கோடி ஒரு முழம் மேலே போயிற்று. அங்கே, புடவையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ராணி வேஷம் போட்ட டெய்லர் குந்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வலது காலை அழுத்தினார். இடது கோடி இறங்கி வலது கோடி ஏறியது. அங்கே, மந்திரி வேஷம் போட்ட இட்லிக்கடைக்காரர் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அசையாத அரண்மனையில்..."

ராணி பீடி. மந்திரி போண்டா. ராணி பீடி. மந்திரி போண்டா. தாளம் மட்டும் ஓர் இம்மிகூடப் பிசகவில்லை.

வேறு ஊராக இருந்தால் ஏதோ காற்று என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் தறிக்காரர்கள். கண் மூடித் திறப்பதற்குள் புரிந்துவிட்டது.

"டேய், ராஜா அரண்மனைய நெய்றாருடா!"

சிரிப்பு வெடித்தது. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். "ராணிம்மா, பீடிய மறைச்சிக்கோ!" என்றது ஒரு குரல். ராணி பீடியை முதுகுக்குப் பின்னால் மறைக்க, மந்திரி போண்டாவை அவசரமாக விழுங்கி விக்க ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாத அண்ணன், ஜனங்கள் தன் பாட்டில் சொக்கிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தார். அரண்மனை வெள்ளத்தில் மாட்டிய படகாகிவிட்டது.

"காலை நிறுத்துய்யா!" என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார். கால் நின்றால் பாட்டு நிற்கும் என்று அவருக்கே தெரியும். ரைஸ்மில் முதலாளிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "ஜல்தி, ஜல்தி" என்று தன்னைத்தானே விரட்டிக்கொண்டு, தேங்காய் உடைக்க வைத்திருந்த கத்தியை எடுத்துப் பின்பக்கம் ஓடிக் கண்ணில் பட்ட கயிறுகளையெல்லாம் அறுத்துவிட்டார். அரண்மனை மொத்தமாக ராணி மந்திரி மேல் விழுந்தது.

மிதியில் பாரம் போயிற்று. பாட்டு நடு வரியில் அறுந்தது.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். தரையில் கிடந்த படுதாவையும், அதற்கடியில் தவழ்ந்துகொண்டிருந்த இரண்டு மேடுகளையும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். எதற்குச் சிரித்தார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மெதுவாக எழுந்து, கிரீடத்தைக் கழற்றக் கையை உயர்த்தினார். இந்த முறை "அட்த்த வருசம்" இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி எழுந்து நின்றார்.

"இன்னா எல்லாரும் வாயப் பாத்துகினு கீறீங்க? தெனம் அந்தாளு பாட்டக் கேட்டுகினு தான நெய்றீங்க? மிதிங்க! எல்லாரும் மிதிங்க!"

சொல்லிவிட்டுத் தானே தரையை ஓங்கி மிதித்தார். இடது, வலது. பக்கத்து வீட்டுக்காரி எழுந்து மிதித்தாள். அதற்குப் பின்னால் ஒரு வரிசை. அப்புறம் ஆண்கள் பக்கம். தறியில் உட்கார்ந்தால் எந்த வேகத்தில் மிதிப்பார்களோ, அதே வேகத்தில் தெரு முழுக்க ஒரே மிதி. மேடைப் பலகை அதிர்ந்தது. என் வசனப் புத்தகம் கையிலேயே துள்ளியது. அந்த அதிர்வு அண்ணனின் வெறும் பாதத்தில் ஏறியிருக்க வேண்டும். கிரீடத்துக்குப் போன கை இறங்கியது.

நின்றபடியே பாடினார். அறுந்த வரியிலிருந்து எடுத்துக் கடைசி வரை. படுதாவுக்கு அடியிலிருந்து ராணி பின்பாட்டுப் பாடினார். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் விசிலடித்து ஒன்ஸ்மோர் கேட்டார்கள், அப்புறம் இன்னொரு ஒன்ஸ்மோர். நாடகத்தின் மீதிக் கதை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் தேவிகாபுரம் பஸ்ஸைத் தவறவிட்டதைக்கூட கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஆபீசுக்குப் புறப்பட்டவன், நேர்வழியை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். ராத்திரி நடந்தது எல்லாம் யோசித்துப் பார்த்து, மனுஷன் விடிந்ததும் வாயை மூடிவிட்டிருப்பாரோ என்று எனக்குப் பயம். தெருமுனையிலேயே குரல் கேட்டுவிட்டது. வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அண்ணி என்னைப் பார்த்ததும், "விடியறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டாரு சார், ஒரே பேஜாரு, நாஷ்டாவுக்குக்கூட எழுந்து வரல" என்றார், வாயெல்லாம் சிரிப்பாக.

எதிர் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். ஒரு பாட்டு முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அண்ணன் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு மேனேஜரிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதற்கப்புறம் எத்தனையோ ஊரில், எத்தனையோ ஆபீசில் வேலை பார்த்தாயிற்று. அவ்வளவு சந்தோஷமாக எந்த ஆபீசுக்கும் நான் லேட்டாகப் போனதில்லை.