டச்பேடுக்கு உணர்ச்சி இல்லை

மைத்துனனின் இரும்பு பீரோவை நான்காம் மாடிக்குத் தூக்குவதில்லை என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் திடமாக முடிவு செய்துவிட்டார். லிஃப்ட் இல்லாத கட்டடம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இடுப்போ அவருக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஊரையே பேசிக் கவிழ்க்கிற வாய்க்கு மனைவி எம்மாத்திரம் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருப்பவர் அவர். நம்பிக்கைதான், வேறு ஆதாரம் கிடையாது.

சனிக்கிழமை மாலையே லேப்டாப்பைப் புது வெர்ஷனுக்கு மாற்றினார். ஒரு பழுதும் வரவில்லை. வராவிட்டால் என்ன? காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“டச்பேட் போச்சு. கர்சர் நகரவே மாட்டேங்குது.”

“செட்டிங்ஸ்ல பாத்தீங்களா?”

“அதெல்லாம் பாத்தாச்சு. புது வெர்ஷன் போட்டா அதுக்கு ரெண்டு நாள் உணர்ச்சி இருக்காது.”

“ஏன், மயக்க மருந்து குடுத்தாங்களா?”

“கிண்டல் பண்ணாதே. பக்கத்துலயே இருந்து தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். விட்டா நிரந்தரமா போயிடும்.”

“ஐயோ பாவம்! அப்ப நீங்க வர வேண்டாம். தம்பிக்கு மெசேஜ் போட்டுடறேன். தேய்ங்க.”

இவ்வளவு சுலபமாகவா? ஏஜென்டுக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது. மனைவி மேசையைத் துடைத்தாள், லேப்டாப்பைத் தூக்கியும் துடைத்தாள். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினாள்.

ஒரு படம் பார்க்கலாமென்று அவர் நைசாக விரலை வைத்தார். கர்சர் நகரவில்லை. ஊதினார். சட்டை நுனியால் துடைத்தார். பத்து விரலாலும் பிசைந்தார். சொன்ன பொய் பலித்துவிட்டது! பயந்துபோய்க் கையை எடுத்ததும் கர்சர் தானாக நகர்ந்தது.

“தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிடு” என்று லேப்டாப்பின் காதில், அதாவது சார்ஜர் சொருகும் ஓட்டையில், கிசுகிசுத்தார். அது மன்னிப்பதாக இல்லை. கர்சர் நேரே வீடியோ அழைப்புக்குப் போய், மைத்துனன் பெயரைத் தேடிப் பிடித்து அமுக்கியது.

திரையில் மைத்துனன் வியர்த்துக் கொட்ட நின்றான். பின்னால் பீரோ.

“அத்தான், டச்பேட் வேலை செய்யலன்னு அக்கா சொன்னாளே? அப்புறம் எப்படிக் கூப்பிட்டீங்க?”

ஏஜென்ட் வாயைத் திறந்தார். டச்பேட் வேலை செய்யவில்லை என்றால் கூப்பிட்டது யார்? வேலை செய்கிறது என்றால் பீரோ. பேய் என்றால் அவன் சிரிப்பான்.

“இப்பத்தான்… சரியாச்சுப்பா.”

“அப்ப வர்றீங்க! நல்லவேளை அத்தான், வேற ஆளே கிடைக்கல.”

அழைப்பைத் துண்டிக்க அவர் டச்பேடைக் குத்து குத்தென்று குத்தினார். கர்சர் தானே போய், நிதானமாகத் துண்டித்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். மடித்த துணிக்கு அடியிலிருந்து மனைவி கையை எடுத்தாள். கையில் வயர் இல்லாத மவுஸ்.

“புது வெர்ஷன்ல மவுஸ் போட்டா டச்பேட் தானா அணைஞ்சிடுது. செட்டிங்ஸ்லயே இருக்கே, நீங்க பாக்கலையா?” லேப்டாப் ஓரத்தில், மேசை துடைக்கும்போது சொருகியிருந்த, மவுஸின் நகத்தளவு ரிசீவரைப் பிடுங்கினாள். “கிளம்புங்க. பீரோவை நீங்க தூக்குங்க, மவுஸை நான் தூக்கிட்டு வர்றேன்.”