குளிரில் வாடும் குடும்பம்

ஒச்சாண்டி சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"இன்னும் சுடுதுடி."

"சுடத்தான செய்யும்? அந்தப் பக்கம் எரியிறது ஊதுபத்தியா?" என்றாள் மொக்கம்மாள். "ஆபீசர் வந்து கையை வச்சாருன்னா அம்புட்டுத்தான். நமக்கு விறகு கிடையாது."

போடிக்கு மேலே, ஜீப் நின்றுவிடும் இடத்திலிருந்து மூச்சுத் திணற ஏறினால் கரடியூத்து வரும். எழுபத்து மூன்றாம் வருஷத்து மார்கழி அது. ஊரில் எல்லா வீட்டிலும் ஆட்கள் சாக்குக்குள்ளும் கம்பளிக்குள்ளும் சுருண்டு கிடந்தார்கள். ஒச்சாண்டி மட்டும் மேலுக்குத் துண்டுகூட இல்லாமல் தூங்கினார். காரணம், அவர் வீட்டுக்கும் ஏலக்காய் ஸ்டோருக்கும் ஒரே சுவர். பறித்து வந்த பச்சைக் காயை உலர்த்துவதற்கு ஸ்டோரில் ராப்பகலாக நெருப்பு எரியும். அந்தச் சூடு கல் சுவர் வழியாக இந்தப் பக்கம் வந்து, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் போல வீடு முழுக்க உட்கார்ந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், தை பிறந்து கொஞ்ச நாளில் காய் தீர்ந்துவிடும். ஸ்டோரைப் பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அதே சுவர் ஐஸ் பெட்டிபோல ஆகிவிடும். இந்த வருஷம் மாசியில் மகள் முருகம்மாளுக்குப் பிரசவம். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டில் நெருப்பில்லாமல் எப்படி? காட்டில் ஒரு சுள்ளியைத் தொட்டால் ஃபாரஸ்ட் கார்டு வந்து நிற்கிறான்.

இந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கம் அறிவித்தது. மலைக் கிராமங்களில் குளிரில் வாடும் ஏழைக் குடும்பங்களுக்குக் குளிர்காலம் முடியும்வரை விறகு உதவி. அதிகாரி நேரில் வருவார்.

அந்த அறிவிப்புக்கு ஊரில் பொருள் சொன்னவர் டீக்கடைத் தங்கபாண்டி. ஆபீஸ் சமாசாரம் எதுவானாலும் அவர்தான் சொல்லுவார்.

"குளிரில் வாடும் குடும்பம்னு போட்டிருக்குல்ல? அப்ப வாடணும். வீட்டுக்குள்ள வந்து பாப்பாக. சுவத்தைத் தொட்டுப் பாப்பாக. கதகதன்னு இருந்தா, 'உனக்கெதுக்குய்யா விறகு'ன்னு போயிருவாக."

"தையிலருந்து என் வீடும் குளிருமேண்ணே" என்றார் ஒச்சாண்டி.

"தையில வந்தா தையில பாப்பாரு. அவரு நாளைக்குல்ல வர்றாரு?"

அந்த நாளை இன்றைக்கு வந்துவிட்டது. சுவர் சுட்டுக்கொண்டிருந்தது.

"நேத்தே சுருளிட்ட சொல்லிட்டேன், காலையில செத்த நேரம் நெருப்பை அடக்கி வைன்னு. சரின்னானே!"

ஒச்சாண்டி ஸ்டோருக்கு ஓடினார். அங்கே தீ போடுகிற சுருளிவேல் கண் சிவந்து, முகமெல்லாம் கரியோடு, பெரிய காரியம் சாதித்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

"ஏலே சுருளி! அடக்கச் சொன்னா என்னடா இப்பிடிச் சுடுது?"

"அடக்கியாச்சு மாமா. இனிமே ஒரு கட்டை போட மாட்டேன். நெருப்பு குறைஞ்சா காய் கறுத்துப்போகும்ல? மொதலாளி என் தோலை உரிச்சிருவாக. அதனால விடியிறதுக்கு முன்னாடியே பெரிய பெரிய வேர்க்கட்டையா உள்ள திணிச்சுட்டேன். மத்தியானம் வரைக்கும் தாங்கும்."

"எது தாங்கும்?"

"சூடுதான் மாமா! என்னைக்கும் இல்லாத சூடு!" என்றான் சுருளிவேல் சந்தோஷமாக.

ஒச்சாண்டி திரும்பி வந்து சுவரைப் பார்த்தார். தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை. வாசலிலேயே முகத்தில் அடித்தது.

"சாக்கை நனைச்சுத் தொங்கப் போடுவோம்" என்றாள் மொக்கம்மாள். "சொம்புல தண்ணி வச்சு ஈரத்துணி சுத்துனா குளுந்து போறதில்ல? அது மாதிரி."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. இருந்த சாக்கையெல்லாம் ஓடைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சுவர் நெடுகத் தொங்கவிட்டார்கள். கொஞ்ச நேரம் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு சாக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. அடுத்த சாக்கிலிருந்தும் கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடு முழுக்க ஆவி நிறைந்து, மொக்கம்மாள் நின்ற இடத்தில் அவள் மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

"ஆத்தா, நீ எங்கன இருக்க?" என்று மூலையிலிருந்து முருகம்மாள் கூப்பிட்டாள்.

"இங்கனதான் இருக்கேன். நீ வயித்துப்பிள்ளையோட இந்த இட்லிக் கொப்பரைக்குள்ள இருக்காத. தங்கபாண்டி அண்ணன் வீட்டுக்குப் போ."

முருகம்மாள் சிரித்துக்கொண்டே வெளியே போனாள். "அய்யா, எனக்குச் சளி பிடிச்சிருந்துச்சு. இப்ப சுத்தமாப் போயிருச்சு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன கையோடு தங்கபாண்டி கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார். கதவு வழியாகப் புகைந்துகொண்டிருந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏப்பா, ஆவி வெளியேறணும்னா மேல வழி வேணும். கூரைத் தகரத்துல ரெண்டை எடுத்து விடு. ஆவியும் போகும், பனியும் உள்ள இறங்கும். ஒரே கல்லு, ரெண்டு மாங்கா."

ஒச்சாண்டியும் அவரும் கூரைமேல் ஏறினார்கள். முதல் தகரம் ஒழுங்காகக் கழன்றது. இரண்டாவது துருப்பிடித்து ஒட்டியிருந்தது. தங்கபாண்டி மூச்சைப் பிடித்து இழுத்தார். அந்தத் தகரம் வந்தது, பக்கத்துத் தகரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து சரிவில் சடசடவென்று உருண்டு காப்பிச் செடிகளுக்குள் போய் விழுந்தன.

வீட்டுக்குள்ளிருந்து வெள்ளை ஆவி கோபுரம்போல எழும்பியது. அதே நேரம், அதுவரைக்கும் சும்மா இருந்த மலை மூட்டம் ஓட்டை கண்டுபிடித்து உள்ளே இறங்கியது. பின்னாலேயே சாரல். மண் தரை சேறாகிப்போனது. அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது.

"எப்பிடி இருக்குடி?" என்று கூரையிலிருந்து குனிந்து கேட்டார் ஒச்சாண்டி.

மொக்கம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பல்தான் கடகடவென்று ஆடியது.

"ஜெயிச்சுட்டோம்!" என்றார் தங்கபாண்டி.

அப்போதுதான் கீழே ஆட்கள் தெரிந்தார்கள். ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா என்று ஒரு உருண்டை மனிதர் நடந்து வந்தார். பின்னால் குடையோடு ஆபீஸ் பியூன். இரண்டு பேரும் முதலில் எஸ்டேட் கங்காணி வீட்டுக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்கள். பியூன் யாரிடமோ ஏதோ கேட்டான். அந்த ஆள் கையை நீட்டி இந்த வீட்டைக் காட்டினான்.

அதிகாரி வேறு எந்த வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை. நேராக இங்கேதான் வந்தார். நடையில் ஒரு வேகம் இருந்தது.

"வேற ஒரு வீட்டையும் பாக்கலையே! நம்ம வீட்டு மேல மட்டும் சந்தேகம்" என்றாள் மொக்கம்மாள். "எவனோ கோள் சொல்லிப்புட்டான்."

"சாக்கெல்லாம் காஞ்சுபோச்சு. சுவரு இன்னும் கொதிக்குது. என்ன செய்ய?" என்றார் கூரையிலிருந்து இறங்கி வந்த ஒச்சாண்டி.

"நீங்க போய் அதுல சாஞ்சு நில்லுங்க. என்ன ஆனாலும் நகராதீக."

ஒச்சாண்டி சாக்கை உருவிப் போட்டுவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டவைத்து நின்றார். தங்கபாண்டி பின்பக்கமாகக் குதித்து மறைந்தார்.

அதிகாரி குனிந்து உள்ளே வந்தார். இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே, முகத்தில் ஒரு சிரிப்போடுதான் வந்தார். உள்ளே கால் வைத்ததும் செருப்பு சேற்றில் சளக்கென்றது. நிமிர்ந்து பார்த்தார். மேலே வானம் தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது... ஸ்டோரை ஒட்டின வீடுதானே?"

"ஒட்டித்தானுங்கய்யா இருக்கு. ஆனா சூடு வராதுங்கய்யா" என்றார் ஒச்சாண்டி.

"வராதா?"

"ஒரு துளி வராதுங்கய்யா."

அதிகாரியின் முகம் வாடியது. நம்மை நினைத்துத்தான் இப்படி வருத்தப்படுகிறார் என்று மொக்கம்மாளுக்கு உள்ளம் நெகிழ்ந்துவிட்டது. நல்ல மனுசன்.

அதிகாரி அடுப்புப் பக்கம் போய்க் கையை நீட்டினார். சாம்பல் சில்லென்றிருந்தது.

"அடுப்பு பத்த வைக்கலையாம்மா?"

"நாங்க எங்கய்யா பத்த வைக்கிறது, விறகு இருந்தால்ல?"

"சூடா ஏதாவது... ஒரு வாய் காப்பி, வெந்நீர் கிடைச்சாக்கூடப் போதும்."

அது சோதனை என்று மொக்கம்மாளுக்குப் புரிந்தது. ஏமாறுகிறவளா அவள்?

"சூடுங்கிறதையே நாங்க மறந்துட்டோம்யா" என்று சொல்லி, பானையிலிருந்து நீச்சத்தண்ணியைச் சொம்பு நிறைய மொண்டு கொடுத்தாள். அதிகாரி மறுக்கத் தெரியாதவர். இரண்டு மடக்குக் குடித்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு நடுக்கம் ஓடி முடிந்தது.

அடுத்து அவர் பார்வை சுவர்மேல் விழுந்தது.

"அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே ஸ்டோர்? கொஞ்சம் விலகுறீங்களா?"

"முடியாதுங்கய்யா."

"ஏன்?"

"சுவரு விழுகுற மாதிரி இருக்குங்கய்யா. நான்தான் தாங்கிக்கிட்டு நிக்கேன்."

அதிகாரி இடது பக்கம் நகர்ந்தார். ஒச்சாண்டி முதுகு ஒட்டியபடியே இடது பக்கம் நகர்ந்தார். அதிகாரி வலது பக்கம் வந்தார். ஒச்சாண்டியும் வந்தார். முன்பக்கம் சாரலில் உடம்பு விறைத்தது. பின்பக்கம் முதுகு அப்பளமாகப் பொரிந்துகொண்டிருந்தது. பல்லும் ஆடியது, நெற்றியில் வியர்வையும் வழிந்தது.

"உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"குளிர்காய்ச்சலுங்கய்யா."

அதிகாரி நீண்ட பெருமூச்சு விட்டார். வந்த பெருமூச்சு வெள்ளைப் புகையாக அவர் முன்னாலேயே நின்றது. "போவோம்யா அம்மாவாசி" என்று பியூனிடம் சொன்னார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்படியொரு ஏக்கம் அந்தப் பார்வையில்.

அவர் தலை வளைவில் மறைந்ததும் ஒச்சாண்டி சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியா, அவரு கண்ணு கலங்கிருச்சு! விறகு நமக்குத்தான்!"

"நீச்சத்தண்ணி குடுத்தேன் பாருங்க, அதுல விழுந்துட்டாரு" என்றாள் மொக்கம்மாள்.

தங்கபாண்டி காப்பிச் செடிக்குள்ளிருந்து தகரங்களைத் தூக்கி வந்தார். சுருளிவேலும் கை கொடுத்தான். கூரை மூடியது. வேர்க்கட்டைச் சூடு மறுபடி வீட்டை நிரப்பியது. தரை பொருபொருவென்று காய ஆரம்பித்தது. முருகம்மாள் வந்து சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். மொக்கம்மாள் கணவனின் முதுகில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டாள். மாசியில் பிறக்கப் போவது பேரனா பேத்தியா என்று பேச்சு ஓடியது. எதுவானாலும் குளிரில்லாமல் வளரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒச்சாண்டி மேல்துண்டை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"ஐயா குடையை இங்கனயே விட்டுட்டேன்" என்றபடி பியூன் அம்மாவாசி உள்ளே நுழைந்தான்.

நுழைந்தவன் அப்படியே நின்றான். காற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். நேராகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். கண் அகன்றது. திரும்பி முதுகையும் சாய்த்துக்கொண்டான்.

"அடேயப்பா! இம்புட்டுச் சூட்டையும் அப்ப எங்கன ஒளிச்சு வச்சிருந்தீக?"

ஒச்சாண்டி அவசரமாக மேல்துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். மொக்கம்மாள் எழுந்து கையைக் கூப்பினாள்.

"அய்யா, ஆபீசர் ஐயாகிட்ட மட்டும் சொல்லிராதீக. தை பிறந்தா நெசமாவே குளிரும்யா. பிள்ளைக்குப் பிரசவம். வீடு சூடா இருக்குன்னு தெரிஞ்சா எங்களுக்கு விறகு எழுத மாட்டாகன்னுதான் இப்பிடிச் செஞ்சுட்டோம்."

அம்மாவாசி அவளை ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"விறகா? அது ஊரு மொத்தத்துக்கும் கங்காணி வீட்டுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு ஆத்தா. ஐயா ராமநாதபுரத்துக்காரரு, இந்தக் குளிரைத் தாங்க முடியாம, ஊருலயே கதகதப்பான வீடு எதுன்னு விசாரிச்சு, செத்த நேரம் குளிர்காயத்தான் இங்கன வந்தாக!"