காருக்குள் செம்போத்து

எனக்குக் கோபமே வராது என்று சொந்தத்தில் சொல்வார்கள். பொய். வரும். வெளியே விட மாட்டேன், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை விட்டேன். கேட்கக்கூடாத ஆள் கேட்டுவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் டிரைவராக இருந்தேன். கறுப்பு அம்பாசிடர். நான் துடைத்தால் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். (சீவியும் இருக்கிறேன்.) படிப்பு இல்லாதவனுக்கு அதுதான் பெருமை.

அந்தப் பளபளப்புதான் வினையாகப் போனது. பின்வேலியில் ஒரு செம்போத்து குடியிருந்தது. காக்கையைவிடப் பெரிது. கறுப்பு உடம்பு, செங்கல் நிற இறக்கை, சிவந்த கண். காலையில் வேலியை விட்டு இறங்கி, மேஸ்திரி வேலை பார்க்க வருவதுபோல் நடந்தே வரும். பக்கக் கண்ணாடியில் தன்னையே பார்க்கும். தன் இடத்தைப் பிடிக்க வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் கொத்துதான். கண்ணாடி முழுக்கக் கீறல், கதவு முழுக்க எச்சம்.

கண்ணாடிக்குத் துணிப்பை கட்டினேன். ஜன்னலுக்குப் போனது. ஜன்னலைச் சாக்கால் மூடினேன். சக்கர மூடியில் தன்னைக் கண்டுபிடித்தது. நான் துடைக்கத் துடைக்க அதன் எதிரி அதற்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தான்.

டாக்டர் வீட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"பாவம், வாயில்லா ஜீவன். கொத்திட்டுப் போகட்டும் விடு, ஏகாம்பரம்."

வாயில்லா ஜீவன் நான்தான். அதற்கு அலகு இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் பம்மலில் இருந்த என் அக்கா எனக்குப் பெண் பார்த்தாள். அனகாபுத்தூரில் தறி நெய்கிற குடும்பம். பெண் பெயர் தனம். திருநீர்மலைத் தேரின்போது அவளைப் பார்த்திருந்தேன். செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் நடந்து போனாள். வேறு பெண் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். (யாரிடமும் சொல்லவில்லை. என் வழக்கம் அப்படி.)

பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மூத்த மாப்பிள்ளைக்கு வாய் சாக்கடை. மூத்த பெண் அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அதனால் இரண்டாவது மாப்பிள்ளை வாயடக்கமுள்ளவனாக இருக்க வேண்டும். அக்கா நெஞ்சைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள்.

"என் தம்பிய கட்டிக்கினு பேச ஆளில்லன்னு வேணா உங்க பொண்ணு அழும். திட்டிட்டான்னு அழாது."

பையன் வேலை செய்கிற இடத்துக்குச் சொல்லாமல் போய் விசாரிப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்த மனிதரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு வந்தார். எனக்குத் தெரியாது.

நான் காரைக் கழுவி, காய்வதற்காக ஒரு பக்கத்துக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் வாளியை வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், செம்போத்து உள்ளே. நடுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, டேஷ்போர்டு மேல் நின்று கொத்திக்கொண்டிருக்கிறது. மாட்டியது என்று நினைத்தேன். ஒரு கதவை அடைத்தேன், இன்னொன்றின் வழியாக நானும் உள்ளே புகுந்து அதையும் சாத்திக்கொண்டேன். (இதைவிட முட்டாள்தனமாக நான் எதுவும் செய்ததில்லை.)

அடுத்து நடந்தது சண்டை. அது என் காதைக் கொத்தியது. நான் அதை அடிக்கப் போய் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். சீட்டுக்குப் போட்டிருந்த வெள்ளைத் துண்டெல்லாம் நாசம். இத்தனை வருஷம் விழுங்கி வைத்திருந்த வார்த்தை எல்லாம் அன்றைக்கு மேலே வந்தது. அதன் அப்பனை இழுத்தேன், பாட்டனை இழுத்தேன். தாம்பரம் ரயிலடியில் காதில் விழுந்த எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அதே நேரம் வாசலில் டாக்டர் வீட்டு அம்மா அந்தப் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்: "ஏகாம்பரமா? தங்கமான பையன். அவன் சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல."

பெரியவர் கார் அருகே வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, டிரைவர் ஏகாம்பரம்ன்றது..."

"இன்னா இப்போ? செத்துகினு கீறேன், தெரியல? போய்யா அப்பால."

சொல்லிக்கொண்டே கதவை உதைத்துத் திறந்தேன். செம்போத்து பெரியவர் முகத்துக்கு நேரே பறந்து வேலிக்குள் போனது. அவர் அது போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார். என்னை ஒரு முறை பார்த்தார். காதில் ரத்தம், தலையில் எச்சம். வந்த வழியே போய்விட்டார்.

சாயங்காலம் அக்கா வந்தாள்.

"இன்னாடா பண்ணி வெச்ச? வந்தது பொண்ணோட நைனாடா."

தனம் கை நழுவிவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது. தடியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். நல்ல வேளை, அது வெளியே வரவில்லை.

மறுநாள் அக்கா அனகாபுத்தூர் போய் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அவர் சொன்னதை வந்து அப்படியே சொன்னாள்.

"பையன் வாயி படு மோசம்மா. மூத்தவனே தேவலாம். ஆனா வூட்ட வுட்டுக் கிளம்பசொல்ல, ஒரு செம்போத்து எதிர்ல வந்தா இந்த சம்மந்தத்த முடிச்சிடறதுன்னு நெனச்சிகினு வந்தேன். வழி முச்சூடும் ஒண்ணு கூட இல்ல. கடைசில அவன் கார்லேர்ந்தே வருது. நான் இன்னா பண்ண? சாமி குடுத்த உத்தரவு."

அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணம் முடிகிற வரையில் அந்தப் பறவையை நான் விரட்டவோ திட்டவோ கூடாது.

சரி என்றேன். அது தினமும் வந்தது. கொத்தியது. பக்கக் கண்ணாடி விரிசல் விட்டது. நான் கைகட்டி நின்று பார்த்தேன். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

தனம் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவளிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. இப்போது அஸ்தினாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறோம். இங்கேயும் ஒரு செம்போத்து மாடி ஜன்னலைக் கொத்த வருகிறது. நான் எழுந்தால் போதும், தனம் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"கல்யாணத் தரகர் வந்துகீறாரு. மரியாதையா பேசுங்க."

பேரப்பிள்ளைகள் சிரிக்கும். நான் உட்கார்ந்துவிடுவேன். அது கொத்திக்கொண்டே இருக்கும்.