சன்னலோரப் பழுப்பு வட்டம்

ஆணி சுலபமாகத்தான் இறங்கியது. கூடவே ஒரு தட்டு அகலத்துக்குக் காரையும் பெயர்ந்து தரையில் சிதறியதுதான் வம்பாகிவிட்டது.

பாதுகாக்கப்பட்ட அந்தப் பழங்காலக் குடிலின் காவலர், சுத்தியலும் கையுமாக விக்கித்து நின்றார். மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் சீருடைக் கோட்டில் சுருக்கம் விழக்கூடாதே என்று அடித்த ஆணி அது. வீட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் வேலை போய்விடும். வேலையோடு, மனைவியும் மாமனாருமாக அவர் குடியிருக்கும் பின்னறையும் கைவிட்டுப் போய்விடும்.

அந்த வீட்டின்மேல் அவருக்கு உயிர். வெயிலை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே அழைத்துவரும் ஆழமான சன்னல். ஓர் இரும்பாணிகூட இல்லாமல் மரமுளைகளாலேயே கோத்த உத்தரங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சன்னலோரச் சுவரில் அந்தப் பழுப்பு வட்டம்! பண்டைக் கொத்தர்களின் அரிய வண்ணக் காரை என்று அறிஞர்கள் அதன் முன்னே மெய்ம்மறந்து நிற்பார்கள். அதில் எந்நேரமும் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருக்கும். "அந்தக் காலத்துப் பக்குவம் எறும்புக்குக்கூடத் தெரியுது பாருங்க!" என்று வருகிறவர்களிடம் காவலர் பூரித்துப்போவார்.

சத்தம் கேட்டு மனைவி தேநீர்க் கோப்பையோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"உத்தரத்துலயே ஒரு ஆணி இல்லாத வீடு. உங்க கோட்டுக்கு ஆணி கேட்குதா?"

"மெதுவாப் பேசு. மாமா காதுல விழுந்தா என் மானம் கப்பலேறிடும்."

மாமனார்தான் அவருக்கு முன் அங்கே காவலராக இருந்தவர். "என் காலத்துல இந்தச் சுவர்ல ஒரு ஈ உட்கார்ந்ததில்லை, மாப்பிள்ளை" என்பது அவருடைய அன்றாடப் பெருமை.

காவலர் அவசரமாக ஆணியைப் பிடுங்கிவிட்டு, சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பள்ளத்தை அடைத்தார். பழஞ்சுவரில் முழுநிலவு உதித்ததுபோல் அது பளீரென்று தெரிந்தது.

"முன்னாடி கிட்டப் போனாத்தான் தெரிஞ்சுது. இப்ப தெருவிலிருந்தே தெரியுது" என்றாள் மனைவி.

காவலர் அவள் கையிலிருந்த தேநீரை வாங்கினார். குடிக்கவில்லை, துணியில் நனைத்து நிலவின்மேல் ஒற்றினார். வெண்மை மறைந்தது. பழுப்பு வழியத் தொடங்கியது. உலரவைக்க, கோட்டைத் தேய்க்கச் சூடாக்கியிருந்த இஸ்திரிப்பெட்டியை அழுத்தினார். 'சுர்ர்' என்றது, விளிம்பு மட்டும் கரிந்து, வட்டம் எடுப்பாகிவிட்டது.

வாசலில் வண்டி வந்து நின்றது. கோட்டை மாட்டிக்கொண்டு, வட்டத்தின்மேல் முதுகை ஒட்டி நின்றுவிட்டார் காவலர்.

தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்தார் அதிகாரி அம்மாள். பின்னறையிலிருந்து மாமனாரும் கைத்தடியோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

"எத்தனை தடவை வந்தாலும் இந்தச் சன்னலை விட்டுப் போக மனசே வரமாட்டேங்குது" என்று நெகிழ்ந்த அதிகாரி, திரும்பிப் பார்த்தார். "சுவர் என்ன விழப்போகுதா? இப்படித் தாங்கிட்டு நிக்கிறீங்க? கொஞ்சம் தள்ளுங்க."

காவலர் தள்ளி நின்றார். மனத்துக்குள் சன்னலிடமும் உத்தரங்களிடமும் விடைபெற்றுக்கொண்டார்.

அதிகாரி பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"இன்னொண்ணா! அதே நிறம், அதே விளிம்பு... அதே கொத்தனார் கைதான்!"

"மேடம், அது... நான்தான்..."

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா? சபாஷ்! இருங்க, கேமராவை எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவர் வண்டிக்கு ஓடினார்.

காவலருக்குக் கண் கலங்கியது. "மாமா, இந்தப் பாவம் எனக்கு வேண்டாம். இந்த வீட்டுக்கிட்டப் பொய் சொல்ல முடியாது. அவங்க வந்ததும் உண்மையைச் சொல்லிடறேன்."

மாமனார் மருமகனின் கோட்டு முதுகை இழுத்து முகர்ந்தார். பிறகு பழைய வட்டத்தில் ஊரும் எறும்புகளை ஒரு நோட்டம் விட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அது கிடக்கட்டும் மாப்பிள்ளை, நீங்களாவது சர்க்கரை போடாத டீயாப் பார்த்துத் தடவினீங்களா?"