ராட்டினம் படித்த கதை

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் சொற்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றில் மனித குலத்தைக் கைதூக்கி விட்ட சொல் ஒன்றே ஒன்றுதான். அது ‘எஜுகேஷனல்’. மற்றதெல்லாம் வெறும் சத்தம். இந்தச் சொல்லை எதன் முன்னால் ஒட்டினாலும் அதற்கு மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி ஒரு களை வந்துவிடும். பொம்மை கேட்டு அழுகிற பிள்ளையை முறைக்கிற அப்பா, ‘எஜுகேஷனல்’ பொம்மை என்றால் தானே போய் வரிசையில் நிற்பார்.

இப்பேர்ப்பட்ட சொல்லுக்கு அர்த்தம் தெரியாமலே ஒரு மனிதர் தலை நரைக்கும் வரை உயிரோடு இருந்தார், அதுவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் இருந்தார். நகரத்துச் சிறுவர் பூங்காவில் குதிரை ராட்டினம் நடத்தினார். மரக்குதிரைகள், நடுவில் ஒரு இரும்புக் கம்பம், இருமி இருமிக் கிளம்பும் ஒரு மோட்டார். டிக்கெட் கூண்டில் அவர் மனைவி. பிள்ளைகள் ஏறுவார்கள், ராட்டினம் சுற்றும், ‘ஓ’வென்று கத்துவார்கள், இறங்குவார்கள். அந்தக் கத்தலைக் கேட்டால்தான் ராட்டினக்காரருக்குச் சோறு இறங்கும். அதில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று இத்தனை வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை. நாடு எப்படி உருப்படும்?

நல்ல வேளையாகச் சிறுவர் பூங்கா மேம்பாட்டுக் குழு விழித்துக்கொண்டது. அடுத்த மாதம் முதல் பூங்காவில் ‘எஜுகேஷனல்’ தன்மை வாய்ந்த சாதனங்களுக்கு மட்டுமே உரிமம் புதுப்பிக்கப்படும், மற்றவை அப்புறப்படுத்தப்படும் என்று வாசலில் ஒரு அறிவிப்பை ஒட்டியது. பலூன்காரர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். மறுநாளே பலூன்களில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று முதல் பூங்காவில் பலூன் வெடித்து எந்தப் பிள்ளையும் அழவில்லை, ‘ஏழாம் வாய்ப்பாடு போச்சே’ என்று பெற்றோர்தான் அழுதார்கள்.

ராட்டினக்காரருக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“ஏங்க, எஜுகேஷனல்னா என்னங்க?” என்றார் மனைவி.

“அது தெரிஞ்சா நான் ஏன் இங்க ராட்டினம் சுத்துறேன்? குழுவுல போய் உக்காந்திருக்க மாட்டேனா?”

“விளையாடாதீங்க. உரிமம் போச்சுன்னா குதிரையெல்லாம் விறகு, மோட்டார் பழைய இரும்பு. நமக்கு வேற தொழில் தெரியுமா?”

தெரியாது. சொல்லுக்கு அர்த்தம் கேட்க மைத்துனரை வரவழைத்தார்கள். மனைவியின் தம்பியான அவர் டியூஷன் சென்டர் நடத்துகிறவர். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று பிள்ளைகளை அரைத்துத் தள்ளுவார். வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“மாமா, அர்த்தம் சொல்லிக் குடுக்கிறதெல்லாம் பழைய முறை. வார்த்தையை எங்க எப்படிப் போடுறாங்கன்னு பாத்துக் கத்துக்கணும். நான் சொல்றேன், நீங்க பிடிச்சுக்கங்க. எஜுகேஷனல் டூர். போன மாசம் எங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனேன்.”

“எங்க மாப்ளே?”

“கடற்கரைக்கு.”

“அடடே! அலையில ஆடுனாங்களா?”

“சேச்சே! கடலுக்கு முதுகைக் காட்டி உக்கார வெச்சு, உப்பு எப்படி உண்டாகுதுன்னு எழுத வெச்சேன். திரும்பி வந்ததும் டெஸ்ட்.”

“கடலைப் பாக்கவே இல்லையா?”

“ரெண்டு பேர் திரும்பிப் பாத்துட்டாங்க. வீட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். அடுத்தது, எஜுகேஷனல் பொம்மை. கரடி பொம்மை ஒண்ணு வந்திருக்கு. கட்டிப்பிடிச்சா ஏழெட்டு எவ்வளவுன்னு கேக்கும். சொல்லலன்னா அழும்.”

“யாரு, கரடியா?”

“ரெண்டும்.”

ராட்டினக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். மனைவிதான் பட்டென்று பிடித்தார். “அப்ப எதோட கடைசியில பரீட்சை இருக்கோ அதுதான் எஜுகேஷனல். அவ்வளவுதானேடா?”

மைத்துனருக்குக் கண் கலங்கிவிட்டது. “அக்கா, நீ மட்டும் மேல படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பே.”

“போயிருந்தா இங்க டிக்கெட் யாரு குடுக்கிறது? போடா!”

அர்த்தம் பிடிபட்டதும் வேலை மளமளவென்று நடந்தது. குதிரைகளின் கழுத்தில் பாட அட்டைகள் தொங்கின. சுற்று முடிந்ததும் ராட்டினக்காரர் ஒவ்வொரு குதிரையாகப் போய் ஒரு கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளை பாஸ், இறங்கிப் போகலாம். தப்பாகச் சொன்ன பிள்ளை பெயில், பாடத்தை இன்னொரு தரம் பார்க்க இன்னொரு சுற்று. அதற்கு ‘அரியர் சுற்று’ என்று மைத்துனரே பேர் வைத்தார்.

“பெயிலானவங்களுக்கு ஓசியில சுத்தா?” என்று மனைவி கேட்டார்.

“பெயிலானவங்களுக்குத்தானே அக்கா தனிக் கவனம் வேணும்!” என்றார் மைத்துனர். கல்வியின் தத்துவம் தெரியாத அக்கா டிக்கெட் கூண்டுக்குத் திரும்பிப் போனார்.

முதல் நாள் ஒரு சின்னப் பையன் நிஜமாகவே தெரியாமல் தப்பாகச் சொன்னான். அவன் இரண்டாம் சுற்றுப் போவதை வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. அடுத்த நாள் பூங்காவில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இந்த அறியாமைக்குத் தலைமை தாங்கியவள் ‘வாயாடி’ என்று பூங்கா முழுவதும் பேர் வாங்கிய ஒரு சிறுமி. பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க். அவளுக்கென்று ஒரு வெள்ளைக் குதிரை, வேறு யாரும் அதில் ஏற முடியாது.

“வாரத்துக்கு எத்தனை நாள்?” என்று கேட்டார் ராட்டினக்காரர்.

“ஸ்கூல் இருக்கிற நாளையும் சேத்தா மாமா?”

“சேத்துத்தான்.”

“அப்படின்னா நூறு.”

“தப்பு! இன்னொரு சுத்து!”

“ஐ!”

“பசு என்ன குடுக்கும்?”

“தபால்.”

“தப்பு! சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?”

“அது எங்க அப்பா எந்திரிச்சாத்தான் தெரியும்.”

ராட்டினக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பத்தில் சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் வீட்டிலிருந்தே தப்பான பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்தார்கள். சரியான பதில் தெரியாத பிள்ளை தப்பித் தவறிச் சரியாகச் சொல்லி இறங்க நேர்ந்துவிடுமே என்ற பயத்தில், வரிசையில் நிற்கும்போதே ஒருவரையொருவர் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். ‘டேய், பதினாறுன்னு மட்டும் சொல்லித் தொலைச்சுடாதே, அதுதான் கரெக்ட்டு!’ என்று அண்ணன் தம்பியை எச்சரித்தான். வரிசை வாசல் வரைக்கும் நீண்டது.

பெற்றோர் பொறுப்பார்களா? வாயாடியின் அம்மா ஆவேசமாக வந்து டிக்கெட் கூண்டைத் தட்டினார்.

“என்னம்மா நடத்துறீங்க இங்க? தங்கமா இருந்த பொண்ணு! பேர் என்னன்னு கேட்டா ‘செவ்வாய்க்கிழமை’ங்கிறா! நேத்து இவ அப்பாவோட மேனேஜர் வீட்டுக்கு வந்து, பாவம், ஆசையா ரெண்டும் ரெண்டும் எத்தனைம்மான்னு கேட்டாரு. ‘உங்களுக்கே தெரியாதா? நீங்களும் அரியரா?’ன்னு கேட்டுட்டா!”

புகார் குழுவுக்குப் போனது. வெள்ளிக்கிழமை நேரில் ஆய்வு என்று தகவல் வந்தது. ராட்டினக்காரர் ஆடிப்போய்விட்டார். மைத்துனரைத் தேடினால், அவர் அவசரமாக ஒரு ‘எஜுகேஷனல்’ கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் ராட்டினக்காரர் தானே யோசித்துச் சட்டத்தைத் திருப்பிப் போட்டார். இனிமேல் சரியாகச் சொன்னால்தான் இன்னொரு சுற்று. தப்பாகச் சொன்னால் இறக்கிவிடப்படுவார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன, கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம் ஓடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பூங்காவில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. மக்கு என்று வாத்தியார் கைகழுவிய பிள்ளைகூட, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிரகங்களை வரிசையாகச் சொன்னது. வாயாடி கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு, “சுத்துங்க மாமா, சுத்துங்க!” என்று குதிரையைக் காலால் உதைத்தாள். ராட்டினக்காரர் மனைவியைப் பார்த்து, “பொழைச்சோம்டி!” என்றார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளைகளும் கத்துகிறார்கள், பதிலும் வருகிறது. இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு குழுவுக்கு?

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டார்.

குழுத் தலைவரும் குழந்தை வளர்ச்சி ஆலோசகர் மேடமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ராட்டினம் சுற்றச் சுற்ற அவர்கள் முகம் சுண்டிக்கொண்டே போனது. தலைவர் கையைத் தூக்கி ராட்டினத்தை நிறுத்தச் சொன்னார்.

“பதிலெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது என்ன சத்தம்?”

“சந்தோஷத்துல கத்துறாங்க சார்.”

“சந்தோஷமா?” என்று மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அது எந்தப் பாடத்துல வருது?”

“தனியா வரல மேடம். அதுவா வருது.”

“அதுவா வர்றதையெல்லாம் நாங்க மதிப்பீடு பண்ண முடியாது பாருங்க.”

தலைவர் பெருமூச்சு விட்டார். “சிரிச்சுக்கிட்டே படிச்சா மண்டையில தங்காது. நானெல்லாம் அழுதுதான் படிச்சேன், இன்னிக்கு எங்க இருக்கேன் பாருங்க. மேடம், இவங்க ஏன் சிரிக்கிறாங்க? நாம மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கணும்.”

இருவரும் ராட்டினத்தை ஒரு தரம் சுற்றிவந்தார்கள். குதிரையின் பல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். மூலகாரணம் கிடைத்துவிட்டது.

“சுத்துறதுனாலதான் சிரிக்கிறாங்க,” என்றார் மேடம்.

“அதேதான்!” என்றார் தலைவர். “சுத்தலன்னா?”

“சுத்தலன்னா அது ராட்டினமே இல்லையே சார்!” என்றார் ராட்டினக்காரர்.

“அது உங்க தனிப்பட்ட கருத்து.”

குழு அங்கேயே கூடியது, அங்கேயே தீர்மானித்தது. ராட்டினத்தின் இயக்கம் நிறுத்தப்படும். குதிரைகள் இருக்கைகளாகப் பயன்படும். நடுக் கம்பத்தில் கரும்பலகை பொருத்தப்படும். முதல் பாடத்தின் தலைப்பு, ‘ராட்டினம்: ஓர் அறிமுகம்’. இதற்குச் சம்மதித்தால் உரிமம் இப்போதே கையில். சம்மதிக்காவிட்டால் நாளைக் காலையில் லாரி வரும்.

ராட்டினக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி, “எனக்கு அழுகையா வருதுங்க. என்னைக் கேக்காதீங்க,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. தலைவர் பேனாவை நீட்டினார். இவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழா மிகச் சிறப்பாக நடந்தது. மோட்டாரைக் கழற்றிய இடத்தில் மைக் வைத்திருந்தார்கள். அசையாத குதிரைகளில் பிள்ளைகள் சீருடையோடு, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. வேலிக்கு வெளியே பெற்றோருக்குப் பெருமை பிடிபடவில்லை. ‘இப்பத்தான் பாக்க ஒழுங்கா இருக்கு’ என்று வாயாடியின் அம்மா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். கல்யாணத்திலிருந்து திரும்பிய மைத்துனர், இந்த யோசனையின் வித்து தன்னுடையதுதான் என்று எல்லாரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

தலைவர் ராட்டினக்காரரை மைக் பக்கம் அழைத்தார். “முதல் கேள்வியை நீங்களே கேளுங்க. உங்க ராட்டினம் ஆச்சே!”

அவர் வெள்ளைக் குதிரையின் பக்கம் திரும்பினார்.

“ராட்டினம்னா என்னம்மா?”

வாயாடி எழுந்து நின்று ஒப்பித்தாள். “ராட்டினம் என்பது வட்டமாகச் சுற்றும் ஒரு விளையாட்டுச் சாதனம். அதில் ஏறும் குழந்தைகள் மகிழ்ச்சி அடைவர்.”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. கூட்டம் கைதட்டியது. ராட்டினக்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, குதிரையின் கழுத்துப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“நீயும் இப்ப ஏறித்தானே இருக்கே கண்ணு. சந்தோஷமா இருக்கியா?”

வாயாடி அவரைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். வேலிக்கு வெளியே நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு பணிவாகக் கேட்டாள்.

“அது எத்தனை மார்க் கேள்வி சார்?”

“சபாஷ்!” என்று தலைவர் துள்ளி எழுந்தார். “கேட்டீங்களா? இதுக்குப் பேர்தான் எஜுகேஷனல்!”

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் ‘மாமா’ என்று கூப்பிடாததை யாரும் கவனிக்கவில்லை, ராட்டினக்காரரைத் தவிர. சொல்லுக்கு அர்த்தம் முழுசாகப் புரிந்துவிட்டது அவருக்கு. புதுப்பித்த உரிமம் சட்டைப் பையில் மொடமொடவென்று இருந்தது. அவரும் கைதட்டினார்.